ஜப்பானில் ஒன்சென் குளியல்: போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஜப்பானுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும், ஒரு ராத்திரியாவது ஒன்சென் ஊரில் தங்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். அப்புறம் இரண்டு நாளில் போன் வரும். ஹோட்டல், டிக்கெட் எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரு தடவை அம்மாவோடும், இரண்டு தடவை கணவர், பிள்ளையோடும் போய்வந்ததில் தெரிந்துகொண்டதை, கேட்கப்பட்ட கேள்விகளை வைத்தே இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்சென் என்றால் என்ன? சூடாக்கிய நீச்சல் குளமா?

பூமிக்குள்ளிருந்து வரும் வெந்நீர் ஊற்றுக்குத்தான் ஒன்சென் என்று பெயர். அந்தத் தண்ணீரில் குளிக்கும் இடத்தையும் அப்படியே சொல்கிறார்கள். 1948-இல் வந்த ஒன்சென் சட்டப்படி, ஊற்றிலிருந்து வெளியே வரும்போது தண்ணீரின் சூடு 25 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும். இல்லையென்றால், சட்டத்தில் உள்ள 19 பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவுக்கு அதில் கலந்திருக்க வேண்டும். அதனால் சில ஊர்களில் ஊற்று நீரைச் சூடாக்கி விடுகிறார்கள். சில ஊர்களில் ஆற வைப்பதுதான் பெரிய வேலை.

குன்மா மாவட்டத்திலுள்ள குசாட்சு இரண்டாவது வகை. ஊர் நடுவில் மரத்தொட்டிகள் வரிசையாக இருக்கும். ஆவி பறக்க, அவற்றின் வழியே வெந்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஊரில் ஒரு நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் தானாகவே பொங்கி வருகிறது. பச்சைத் தண்ணீர் கலந்தால் சத்து குறைந்துவிடும் என்பதால், ஆள் உயரத்துக்கு நீண்ட பலகையால் பாட்டுப் பாடிக்கொண்டே தண்ணீரைக் கிளறி ஆற்றுவது அங்கே பழைய வழக்கம். இதற்கு யுமோமி என்று பெயர். இப்போதும் பயணிகளுக்குச் செய்து காட்டுகிறார்கள்.

ஊருக்குள் இருக்கும் சாதாரணப் பொதுக் குளியலறையை சென்தோ என்பார்கள். பெரும்பாலும் அது சூடாக்கிய சாதாரணத் தண்ணீர். ஆனால் குளிக்கும் முறை ஒன்றுதான். ஒன்சென் ஊருக்குப் போக நேரமில்லாதவர்கள் டோக்கியோவில் ஒரு சென்தோவுக்காவது போய்ப் பார்க்கலாம்.

உடம்பில் துணியே இல்லாமலா?

இதுதான் அந்தக் குரல் தாழ்ந்த கேள்வி. ஆமாம், ஒன்றும் உடுத்தாமல்தான். நீச்சலுடையும் கூடாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. துணியில் சோப்பு இருக்கும், வெளியே சுற்றிய தூசி இருக்கும், நூல் பிரியும். எல்லாம் தண்ணீரில் கலந்துவிடும். அங்கே ஒரே தண்ணீரில்தான் முப்பது பேர் மாறி மாறி உட்காருகிறார்கள். ஒன்சென்னில் உள்ள பெரும்பாலான விதிகளுக்குக் காரணம் இந்த ஒன்றுதான். இது பிடிபட்டுவிட்டால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

என் அம்மா, "நீ போய்ட்டு வா, எனக்கு வேண்டாம்" என்று அறையிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று சமாதானம் சொல்லிக் கூட்டிப்போனேன். உள்ளே இரண்டு பாட்டிகள் இருந்தார்கள். ஒருவர் முதுகை இன்னொருவர் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்து "ஒஹாயோ" (காலை வணக்கம்) என்றார்கள். அப்புறம் விட்ட இடத்திலிருந்து முதுகு தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் துண்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். பிறகு அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். அன்று சாயங்காலம் மறுபடி குளிக்கப் போகலாம் என்று முதலில் எழுந்தவர் அவர்தான்.

என்ன சொன்னாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

நிறைய உண்டு. காஷிகிரி என்று கேளுங்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ தனியாக விடும் குளியலறை அது. சில விடுதிகளில் இலவசம், சிலவற்றில் தனிக் கட்டணம். பால்கனியிலேயே வெந்நீர்த் தொட்டி உள்ள அறைகளும் கிடைக்கும், விலை கூடுதல். ஹகோனேயில் யுனெசுன் என்ற இடத்தில் நீச்சலுடையோடு குடும்பமாகவே இறங்கலாம். குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனால் அது தண்ணீர்ப் பூங்கா மாதிரி இருக்கும். ஒன்சென்னின் அமைதியை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஒன்றும் வேண்டாமென்றால் தெருவோரத்திலேயே ஆஷியு என்ற கால் குளியல் தொட்டிகள் இருக்கும். சேலையையோ பேண்ட்டையோ முழங்கால் வரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து குளிக்கும் இடங்கள் இருக்கிறதாமே?

கொன்யோகு என்று அதற்குப் பெயர். இப்போது மிகக் குறைவு. ஆவோமோரியின் சுகாயு, அகிதாவின் ட்சுருனோயு போன்ற பழைய மலை ஊற்றுகளில் இருக்கிறது. அங்கேயும் பெண்களுக்குத் தனி இடம் உண்டு. தெரியாமல் போய் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்பட வேண்டாம்.

எது ஆண்கள் பக்கம், எது பெண்கள் பக்கம்? எழுத்துப் படிக்கத் தெரியாதே!

வாசலில் நோரென் என்ற துணித் திரை தொங்கும். பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பழகிக்கொள்ளுங்கள். ஆண் என்ற எழுத்து, நான்கு கட்டமாகப் பிரித்த ஜன்னலுக்குக் கீழே இரண்டு கால் முளைத்த மாதிரி இருக்கும். பெண் என்ற எழுத்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருக்கும்.

முக்கியமான விஷயம் ஒன்று. பல விடுதிகளில் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுவார்கள். தோட்டம் பார்த்த குளியல் ஒரு பக்கம், மலை பார்த்தது இன்னொரு பக்கம் என்றால், எல்லோருக்கும் இரண்டும் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான். நேற்று இடது பக்கம் போனோமே என்று தூக்கக் கலக்கத்தில் நுழையாதீர்கள். ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

உள்ளே போனதும் என்னென்ன செய்ய வேண்டும்?

செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். உடை மாற்றும் அறையில் மூங்கில் கூடைகளோ லாக்கர்களோ இருக்கும். எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டு, கையில் ஒரு சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். பெரிய துண்டு கூடையிலேயே இருக்கட்டும். போனை அறையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. உடை மாற்றும் இடத்தில் கையில் போன் இருந்தாலே மற்றவர்களுக்குச் சங்கடம்.

உள்ளே சுவரோரமாகக் குழாயும் ஷவரும் கண்ணாடியும் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்ன முக்காலி, ஒரு வாளி. சோப்பும் ஷாம்பூவும் பெரும்பாலும் அங்கேயே வைத்திருப்பார்கள். ஊர்ப் பொதுக் குளியலறைகளில் இருக்காது, கொண்டுபோக வேண்டும். உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்றுகொண்டு ஷவரைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் சோப்பு நுரை தெறிக்கும். தலை முதல் கால் வரை தேய்த்துக் குளித்து, ஒரு துளி நுரைகூட இல்லாமல் அலசிவிடுங்கள். எழுந்திருக்கும்போது முக்காலியையும் கழுவி, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வர வேண்டும்.

ஆக, குளித்து முடித்த பிறகுதான் தொட்டிக்கே போகிறோம். அழுக்குப் போக்குவதெல்லாம் குழாயடியில் முடிந்துவிட்டது. தொட்டி சும்மா உட்கார்ந்திருக்கத்தான். நம் ஆட்களுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். திருகோணமலை கன்னியாக் கிணறுகளில் வெந்நீரை வாளியால் மொண்டு மேலே ஊற்றிக்கொள்வோம். இங்கேயும் இறங்குவதற்கு முன் தொட்டி நீரை மொண்டு, முதலில் காலில், அப்புறம் தொடை, இடுப்பு, தோள் என்று ஊற்றிக்கொள்வார்கள். காகேயு என்று இதற்குப் பெயர். அந்தச் சூட்டுக்கு உடம்பு பழகத்தான் இது.

அந்தச் சின்னத் துண்டு தண்ணீரில் படவே கூடாது. நான் முதல் தடவை அதை மடியில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். எதிரே இருந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் தலைமேல் நாலாக மடித்து வைத்திருந்த துண்டை விரலால் இரண்டு தடவை தட்டிக் காட்டினார். நான் என் துண்டை வெளியே எடுத்து, தரையில் பிழிந்து, அதே மாதிரி தலையில் வைத்துக்கொண்டேன். தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வரும்போது அதே துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போங்கள். தரை நனையாமல் இருக்கும்.

தலைக்கு எண்ணெய் வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

குழாயடியில் ஷாம்பூ போட்டு எண்ணெய் முழுக்கப் போகும்படி அலசிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் வெந்நீரில் பட்டால் மேலே படலமாக மிதக்கும். ஒன்சென் போகும் நாளில் எண்ணெய் வைக்காமல் இருப்பதே நல்லது. நீளமான கூந்தலை உச்சிக்கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள். முடி தண்ணீரில் படக் கூடாது.

தாலி, மெட்டி, கொலுசு, அரைஞாண் கயிறு எல்லாம் கழற்ற வேண்டுமா?

வெள்ளி எதுவானாலும் கழற்றிவிடுங்கள். கந்தக ஊற்றாக இருந்தால் சில நிமிடங்களிலேயே கறுத்துப்போகும். அழுகிய முட்டை வாசனை வந்தாலே கந்தகம் இருக்கிறது என்று அர்த்தம். வெள்ளி அரைஞாணுக்கும் இதேதான். தங்கம் அப்படிச் சட்டென்று கறுக்காது. ஆனால் 22 காரட் நகையில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் நிறம் மங்கலாம். தாலியைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். கழற்ற மனமில்லாதவர்கள் கந்தகம் இல்லாத ஊற்றாகப் பார்த்துப் போகலாம். அம்மா தாலிக்கொடியோடுதான் இறங்கினார். வெளியே வந்ததும் குழாய்த் தண்ணீரில் அலசித் துடைத்துக்கொண்டார். நிறம் மாறவில்லை.

பச்சை குத்தியிருந்தால் உள்ளே விட மாட்டார்களா?

ஜப்பானில் பச்சை என்றால் யாகுசா என்ற குற்றக் கும்பல்களின் நினைவு வரும். அதனால் வந்த தடை இது. 2015-இல் ஜப்பான் சுற்றுலாத் துறை விடுதிகளிடமும் குளியல் இடங்களிடமும் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ 56 சதவீதம் பேர் அனுமதிப்பதில்லை என்றும், 31 சதவீதம் பேர் அனுமதிக்கிறோம் என்றும், 13 சதவீதம் பேர் மறைத்துக்கொண்டு வந்தால் சரி என்றும் சொன்னார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு, முகத்தில் மரபுப் பச்சையோடு வந்த நியூசிலாந்து மாவோரிப் பெண் ஒருவரை ஹொக்கைடோவில் ஒரு குளியல் இடத்தில் திருப்பி அனுப்பியது பெரிய பேச்சானது.

சின்னப் பச்சை என்றால் தோல் நிற ஒட்டுப் பட்டைகள் மருந்துக் கடையில் கிடைக்கும். நம் பாட்டிகள் முன்கையில் குத்தியிருக்கும் கோலப் பச்சை பட்டைக்குள் அடங்காது. காஷிகிரி எடுங்கள், அல்லது ஹ்யோகோ மாவட்டத்தின் கினோசாகிக்குப் போங்கள். அங்கே பொதுக் குளியலறைகளில் பச்சைக்குத் தடை இல்லை.

மாதவிடாய் நாளில்? கர்ப்பமாக இருந்தால்?

மாதவிடாய் நாட்களில் பொதுத் தொட்டியில் இறங்க வேண்டாம். அறைக் குளியலோ ஆஷியுவோ போதும். கர்ப்பிணிகள் ஒன்சென்னைத் தவிர்க்க வேண்டும் என்று முன்பு எச்சரிக்கைப் பட்டியலில் இருந்தது. 2014-இல் ஜப்பான் சுற்றுச்சூழல் அமைச்சகம் அதை நீக்கிவிட்டது. இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரொம்பச் சூடான தொட்டி வேண்டாம். தரை வழுக்கும், கவனம்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. டயப்பர் போடும் குழந்தைகளைப் பெரும்பாலான இடங்களில் தொட்டியில் விட மாட்டார்கள். அம்மாவோடு மகனும் அப்பாவோடு மகளும் போவதற்கு வயது வரம்பு உண்டு. 2020-இல் அரசின் வழிகாட்டுதல் அதை ஏறக்குறைய 7 வயதுக்குக் குறைத்தது; அதற்கு முன் 10. நீந்தவும் தண்ணீர் அடித்து விளையாடவும் கூடாது என்று அறையிலேயே சொல்லி அழைத்துப்போங்கள்.

பிரஷர், சுகர் இருக்கிறது. இறங்கலாமா?

என்னைக் கேட்டால், மற்ற எல்லாக் கேள்வியையும்விட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். தொட்டியின் சூடு சாதாரணமாக 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். கழுத்து வரை உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடமே நெற்றி வியர்க்கும். சூட்டில் ரத்தக் குழாய்கள் விரியும், ரத்த அழுத்தம் இறங்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். குளிர்காலத்தில் நடுங்கும் உடை மாற்றும் அறையிலிருந்து நேராகக் கொதிக்கும் தண்ணீருக்குப் போவது இதயத்துக்கு இன்னும் கஷ்டம். அதனால்தான் காகேயுவைத் தவிர்க்கவே கூடாது.

முதலில் ஐந்து நிமிடம் போதும். வெளியே வந்து விளிம்பில் உட்காருங்கள், பிறகு மறுபடி இறங்கலாம். நெஞ்சு வரை மட்டும் தண்ணீர் இருந்தாலும் சரிதான். எழும்போது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக. முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சாப்பிட்ட உடனேயும், மது குடித்த பிறகும் வேண்டாம். காய்ச்சல் இருந்தாலோ, இதய நோய் கடுமையாக இருந்தாலோ இறங்கவே கூடாது.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் காலை நம்பாதீர்கள். கால் சொல்லாத சூட்டைக் கை சொல்லும். முழங்கை வரை விட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். நாகானோவின் நோசாவாவில் ஊரார் முறைவைத்துப் பராமரிக்கும் 13 பொதுக் குளியலறைகள் இருக்கின்றன. அருமையானவை, ஆனால் தண்ணீர் மிகவும் சூடு. முதல் தடவை போகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

குளித்த பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டுமா?

சாதாரண ஊற்றென்றால் வேண்டாம். துடைத்துவிட்டு அப்படியே விட்டால் தோல் பட்டு மாதிரி இருக்கும். அமில ஊற்றென்றால் அலசுங்கள். குசாட்சுவின் நீர் எலுமிச்சைச் சாறு அளவுக்கு அமிலம்; அகிதாவின் தமகாவா அதைவிடக் கடுமை. சிராய்ப்பு இருந்தால் எரியும். கோபே நகரில் உள்ள அரிமாவின் "தங்க நீர்" இரும்பும் உப்பும் கலந்தது. ஊற்றில் தெளிவாக வந்து, காற்றுப் பட்டதும் செங்காவி நிறமாகிவிடும். வெள்ளைத் துண்டு கொண்டுபோகாதீர்கள்.

தண்ணீர் உண்மையிலேயே ஊற்று நீர்தானா என்று எப்படித் தெரியும்?

உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை மாட்டியிருக்கும். ஊற்றின் பெயர், சூடு, கலந்துள்ள பொருள்கள் எல்லாம் அதில் இருக்கும். 2004-இல் பெயர்பெற்ற ஓர் ஊரில் குளியல் பொடி கலந்தது வெளியே வந்து நாடே கொதித்தது. மறு வருடமே, பச்சைத் தண்ணீர் கலக்கிறார்களா, சூடாக்குகிறார்களா, சுழற்சி செய்கிறார்களா, மருந்து போடுகிறார்களா என்று எழுதிவைக்க வேண்டும் என்ற விதி வந்தது. "கென்சென் காகேநாகாஷி" என்று சொன்னால், ஊற்று நீர் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வழிந்து போய்க்கொண்டே இருக்கிறது, திரும்பச் சுழற்றுவதில்லை என்று பொருள். விடுதி தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எவ்வளவு செலவாகும்? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

குளித்துவிட்டு மட்டும் வருவதென்றால் பல இடங்களில் 500 முதல் 1,500 யென். ரியோகான் என்ற பழைய பாணி விடுதியில் ராத்திரி, காலை இரண்டு வேளைச் சாப்பாட்டோடு ஆளுக்கு 15,000 முதல் 30,000 யென் வரை வைத்துக்கொள்ளுங்கள். விலை அறைக்கு இல்லை, ஆளுக்கு; பதிவு செய்யும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை. குளியல் வரியாக ஆளுக்கு 150 யென் அளவில் தனியாக வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சிரமம்தான். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காய்கறி மட்டும் இருக்கும் கிண்ணத்திலும் தாஷி என்ற மீன் சாறு இருக்கும். பதிவு செய்யும்போதே, மீன், மாமிசம், மீன் தாஷி எதுவும் கூடாது என்று தனித்தனியாக எழுதி, முடியும் என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் சாப்பாடு இல்லாத அறை எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்காக நாங்கள் ஓய்தா மாவட்டத்தின் பெப்புவுக்குப் போனது இதனால்தான். 2,000-க்கு மேல் ஊற்றுள்ள ஊர் அது. தெருச் சாக்கடை மூடியிலிருந்துகூட ஆவி வரும். அங்கே கன்னாவா பகுதியில் ஊற்று ஆவியிலேயே சமைக்கிறார்கள். ஜிகோகுமுஷி என்று பெயர். நரக ஆவி என்று அர்த்தம். சர்க்கரைவள்ளி, சோளம், பூசணி, முட்டைகோஸ் வாங்கி மூங்கில் தட்டில் அடுக்கி, கல் அடுப்புக்குள் இறக்கி மூடி வைப்போம். இட்லிப் பானை மூடியைத் திறந்த மாதிரி ஆவி மேலே வந்து அடிக்கும். ஆவியிலேயே லேசாக உப்பு இருக்கிறது. அம்மா கைப்பையிலிருந்து இட்லிப் பொடி எடுத்துத் தூவிக்கொண்டு, சர்க்கரைவள்ளியை ஊதி ஊதிச் சாப்பிட்டார்.

யுகாதா எப்படிக் கட்டுவது?

விடுதியில் தரும் பருத்தி அங்கிதான் யுகாதா. இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது பக்கம் மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. பார்த்தவுடன் யாராவது ஓடிவந்து மாற்றிவிடுவார்கள். அதோடு வெளியே நடக்கலாம், கடைக்குப் போகலாம்.

ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது. எங்கே போகட்டும்?

டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்வர ஹகோனே. ஷின்ஜுகுவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். பழைய கட்டடம் பிடிக்கும் என்றால் மாட்சுயாமாவின் தோகோ. 1894-இல் கட்டிய மூன்று மாடி மரக் கட்டடம், ஐந்தரை வருடப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2024 ஜூலையில் முழுசாகத் திறந்திருக்கிறது.

ஒரு ராத்திரி தங்க முடியும் என்றால் கினோசாகி. கியோட்டோவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். ஊரே ஒரு விடுதி என்று அங்கே சொல்வார்கள்: ரயில் நிலையம் வாசல், தெருக்கள் நடைகூடம், ரியோகான்கள் அறைகள், பொதுக் குளியலறைகள் எல்லாம் சேர்ந்து குளிக்கும் இடம். எந்த ரியோகானில் தங்கினாலும் அங்கெல்லாம் போக அனுமதிச் சீட்டு தந்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் வார விடுமுறை ஒரே நாளில் இல்லை, கேட்டுக்கொண்டு போங்கள். சாயங்காலம் விளக்குப் போட்டதும், யுகாதாவும் மரச்செருப்புமாக ஆற்றோர வில்லோ மரங்களுக்கு அடியில் எல்லோரும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பார்கள். கல் பாலத்தில் அந்தச் செருப்புச் சத்தம் டக் டக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். விடுதியில் செருப்பு தரும்போது உங்கள் அளவுக்கு ஒரு விரல் சின்னதாகத் தருவார்கள். குதிகால் கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும், அதுதான் சரி.